கையில ஒரு ‘டி’தான் இருக்கு, ஆப் அத எண்ணவே மாட்டேங்குது: 4 வருஷ அனுபவம்

போன வாரம் ஃப்ரெண்டு ஒருத்தன் மெசேஜ் பண்ணான், மச்சி நீ யூஸ் பண்றியே அந்த இங்கிலீஷ் வார்த்தை தேடுற ஆப், அது இப்ப பாதி விலைக்கு வருது, ஒரு வருஷத்துக்கு கட்டிடலாமான்னு. டக்குன்னு பதில் சொல்ல முடியல. இந்த ஆப் மேல எனக்கு பாசமும் இருக்கு ஆத்திரமும் இருக்கு, 4 வருஷமா கிட்டத்தட்ட தினமும் தொறந்திருக்கேன், அதனால முழுசாவே எழுதிடறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடணும், ஆட்டம் நடக்கும்போது நான் இதை தொடவே மாட்டேன். ஸ்க்ராபிள் (எழுத்து போட்ட டைல்களை பலகையில வச்சு இங்கிலீஷ் வார்த்தை அமைக்கிற ஆட்டம்) முடிஞ்சப்புறம், ரேக்ல, அதாவது கைக்கு வந்த டைல்களை நிறுத்தி வைக்கிற தட்டுல, என்னென்ன எழுத்து இருந்துச்சுன்னு குறிச்சு வச்சிருப்பேன்ல, அதைப் போட்டு எந்த வார்த்தைய கோட்டை விட்டேன்னு பாக்கத்தான். ஆட்டத்தை விட அந்த பத்து நிமிஷம்தான் எனக்கு ரொம்ப புடிக்கும்.

நல்லத மறைக்க கூடாது. ‘இந்த எழுத்தெல்லாம் இருக்கிற வார்த்தை’ன்னு நாம கேக்கறதுக்கு மூணு அர்த்தம் இருக்கு, நிறைய ஆப் மூணையும் போட்டு குழப்பிடும். சி, ஏ, டி மூணும் அதே வரிசையில ஒட்டி வரணும்னா லொகேட். எங்க வேணா சிதறி இருக்கலாம்னா எக்ஸாக்ட். இந்த மூணை மட்டும் வச்சே முடியணும்னா ஆக்ட். இந்த ஆப் மூணுக்கும் தனித்தனி பெட்டி குடுத்திருக்கு, அத செஞ்சவங்களுக்கு மனசார நன்றி. கேள்விக்குறி போட்டா பிளாங்க் டைலா, அதாவது எந்த எழுத்தாவும் வச்சுக்கலாம்ங்கற வெத்து டைலா எடுத்துக்கும். நீளம், முதல் எழுத்து, கடைசி எழுத்து எல்லாத்துக்கும் ஃபில்டர் இருக்கு. ஸ்க்ராபிள்ல செல்லுபடியாகுற வார்த்தைகளுக்கு காலின்ஸ் லிஸ்டா வட அமெரிக்க லிஸ்டான்னு மாத்திக்கலாம், காலின்ஸ்ல 2019 பதிப்புலயே கிட்டத்தட்ட 2,80,000 வார்த்தை, அதுல இருந்து அரை செகண்டுல தேடி குடுக்குது, நெட் கூட வேணாம்.

இப்ப ஆத்திரத்துக்கு வரேன். ஒரு நாள் ரேக்ல ஏ, ஈ, ஐ, எல், ஆர், எஸ், டி (T). ஏழுமே வேற வேற எழுத்து, அருமையான ரேக், ஏழையும் ஒரே அடியா வச்சா 50 பாயிண்ட் போனஸ். ஆப்ல போட்டேன். ரியலிஸ்ட், ரீடெய்ல்ஸ், சால்டியர்னு வந்துச்சு, அதெல்லாம் சரி. கூடவே லெட்டர்ஸ், ஆர்ட்டிஸ்ட்டுக்கு கடைசில ஒரு ஈ சேர்த்த ஆர்டீஸ்ட்னு அதுவும் வந்து நிக்குது! என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு டி. லெட்டர்ஸுக்கு டி ரெண்டு வேணும், ஈ வேற ரெண்டு வேணும். இல்லாத டைல எங்கிருந்து எடுத்து வைக்கிறது? தலைகீழாவும் இதே கதைதான். நாலு எஸ் வர்ற வார்த்தை வேணும்னு எஸ்ஸ நாலு தடவ அடிச்சா பொசெஸ் மாதிரி வார்த்தை மட்டும்தான் வந்திருக்கணும், ஆனா ஒரே ஒரு எஸ் இருக்கிற சன்ல ஆரம்பிச்சு ஆயிரக்கணக்குல கொட்டுது. நான் நாலு தடவ அடிச்சது அதுக்கு ஒரு தடவ அடிச்ச மாதிரிதான்.

ஏன் இப்படின்னு ரொம்ப நாள் யோசிச்சேன். 26 எழுத்துக்கு 26 சுவிட்ச் வச்சிருக்காங்கன்னு நினைக்கிறேன், ஒவ்வொண்ணும் இருக்கா இல்லையான்னு மட்டும் பாக்குது, எத்தனைன்னு எண்ணறது இல்ல. நியூயார்க் டைம்ஸோட ஸ்பெல்லிங் பீங்கற வார்த்தை விளையாட்டு ஆடறவங்களுக்கு இது கரெக்டு, அங்க ஏழு எழுத்து குடுப்பாங்க, அதையே எத்தனை தடவ வேணா திருப்பி போடலாம். ஆனா ஸ்க்ராபிள் அப்படி இல்லையே, இங்க எண்ணிக்கைதான் ஆட்டமே! மொத்தம் 100 டைல், ஈ 12 இருக்கு, எஸ் வெறும் நாலுதான். ஒரே எழுத்து ரெண்டு மூணா கைக்கு வர்றது சாதாரணம், வராம போறதும் சாதாரணம், அத எண்ணாம ரேக்குக்கு பதில் சொன்னா எப்படி?

ரெண்டு தடவ மெயில் போட்டேன், பணிவாத்தான் எழுதினேன், உதாரணத்தோட. முதல் தடவ நன்றின்னு ஒரு வரி வந்துச்சு. ரெண்டாவதுக்கு பதிலே இல்ல. அதுக்கப்புறம் வந்த அப்டேட்ல பின்னணி கலர் மாத்த வழி பண்ணியிருந்தாங்க, எண்ணிக்கை அப்படியேதான் கிடந்துச்சு. அன்னைக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல.

அதனால நானே பேப்பர்ல சரி பாக்க ஆரம்பிச்சேன். ரேக்ல இருக்கிற எழுத்தையும், ஆப் காட்டுற வார்த்தையோட எழுத்தையும் ஏ பி சி டி வரிசையில அடுக்கி எழுதறது, ஸ்க்ராபிள்காரங்க ஆல்ஃபாகிராம்னு சொல்வாங்க. லெட்டர்ஸ அடுக்கினா ஈ ஈ எல் ஆர் எஸ் டி டி, ரேக்கோட ஒத்துப்போகலன்னு பாத்ததுமே தெரிஞ்சிடும். லிசன், சைலன்ட், என்லிஸ்ட், டின்சல் நாலையும் அடுக்குனா ஒரே வரிசை வரும், ஈ ஐ எல் என் எஸ் டி. இத கையால எழுதி எழுதியே இப்ப ரேக்க பாத்த உடனே மனசு தானா அடுக்கிடுது, உண்மையிலயே என் ஆட்டம் முன்னேறியிருக்கு.

இன்னொரு சந்தோஷமும் இருக்கு. யூ இல்லாம க்யூ வர்ற வார்த்தை தேடி ஒரு ராத்திரி முழுக்க உக்காந்தேன், சீ (qi), கட் (qat), ஃபகீர் (faqir), கனாத் (qanat)னு ஒவ்வொண்ணா வந்துச்சு, அதுல எத்தனையோ அரபு மொழியில இருந்து வந்தது. எம்முக்கு அடுத்து டின்னு முடியற வார்த்தை தேடினா வந்தது எல்லாம் ட்ரீம்ட் குடும்பம்தான், அன்ட்ரீம்ட், டேட்ரீம்ட்னு. அஞ்சு உயிரெழுத்தும் இருக்கணும், ஏழு எழுத்துல முடியணும்னு கேட்டப்ப செக்கோயா வந்து நின்னுச்சு, அந்த பெரிய மரத்தோட பேரு. இந்த மாதிரி தேடல்ல எண்ணிக்கை தேவையில்ல, அங்க இந்த ஆப்ப அடிச்சுக்க ஆளில்ல.

இவ்வளவு சொல்லிட்டு என் பதில்: வாங்காத மச்சி. நீ ரேக் வச்சு ஆடறவன், உனக்கு வேண்டிய ஒரே வேலைய இது தப்பா செய்யுது. பாதி விலையா இருந்தாலும் வேணாம். நானும் நேத்து சப்ஸ்கிரிப்ஷன நிறுத்திட்டேன், ரெண்டு ஸ்டார்தான் குடுத்திருக்கேன். வேற எந்த ஆப்புக்கு காசு கட்டறதா இருந்தாலும் முதல்ல ஃப்ரீ வெர்ஷன்ல நான் சொன்ன அந்த ஏழு எழுத்தையும் போட்டு பாரு. ரியலிஸ்ட் வரணும், லெட்டர்ஸ் வரக்கூடாது. வந்துச்சுன்னா அன்இன்ஸ்டால் பண்ணிடு.