சார்பதிவாளர் அலுவலகத் திருமணப் பதிவு: பதிவேடு பலம், தேடல் பலவீனம்

தமிழ்நாட்டுப் பதிவுத்துறையின் திருமணப் பதிவுச் சேவையில் மனதாரப் பாராட்ட வேண்டியது பதிவேடுதான். கையில் கிடைக்கும் தாள் தொலைந்தாலும் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம். பதிவேட்டிலேயே பிழை விழுந்தால்தான் தலைவலி.

1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, தம்பதியும் மூன்று சாட்சிகளும் திருமணச் சான்றுப் புத்தகத்தில் கையெழுத்திடுகிறார்கள். அந்தப் பதிவுகளின் நகல் தலைமைப் பதிவாளருக்கும் போகிறது. ஓரிடத்தில் செல்லரித்தாலும் இன்னோரிடத்தில் ஆதாரம் இருக்கும். பிழை திருத்தும் முறை இன்னும் அருமை. பிழை தெரிந்த ஒரு மாதத்துக்குள், தம்பதியையோ, அவர்கள் இல்லாவிட்டால் நம்பத்தகுந்த இரு சாட்சிகளையோ வைத்துக்கொண்டு, பக்க ஓரத்தில் திருத்தம் எழுதி, திருமண அலுவலர் தேதியுடன் கையெழுத்திடுவார். பழைய வரியில் அடித்தல் கூடாது. நகல் ஏற்கெனவே போயிருந்தால், பிழையையும் திருத்தத்தையும் சேர்த்துக் காட்டும் தனிச் சான்று பின்னாலேயே போகும். எது மாறியது என்பது அப்படியே தெரிவதால், பிற்காலத்தில் யாரும் சந்தேகம் கிளப்ப இடமில்லை.

பழைய பதிவைத் தேடி எடுப்பதுதான் சொதப்புகிறது. பதிவு எண், ஆண்டு, அலுவலகம், எந்தச் சட்டத்தின் கீழ் பதிவானது என்ற நான்கும் கையில் இருந்தால் வேலை சுலபம். பெயரை மட்டும் வைத்துத் தேடினால், ஒரே சரவணனை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதியிருப்பார்கள். எழுத்து ஒன்று மாறினாலும் சிக்காது. பழைய கையெழுத்துப் பதிவுகளுக்கு ஆண்டு தெரியாவிட்டால் புத்தகம் புத்தகமாகப் புரட்ட வேண்டியதுதான். இதைத் துறை சரிசெய்தே ஆக வேண்டும்.

இணைய விண்ணப்பம் வசதிதான், ஆனால் நாம் தட்டச்சு செய்வதே சான்றிலும் ஏறுகிறது. இனிஷியலா, தந்தை பெயர் முழுதாகவா? பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். விசாவுக்குப் போகும்போது அதிகம் இடிப்பது இங்கேதான். கையெழுத்துக்கு முன் பெயர், பிறந்த தேதி, திருமணம் நடந்த இடம் மூன்றையும் எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி, திருமணம் நடந்த நாளிலிருந்து பதிவு செய்ய 90 நாள் அவகாசம். கூடுதல் கட்டணத்துடன் 150 நாள் வரை.

சான்றை லேமினேஷன் செய்யாதீர்கள். வெளிநாட்டுக்காக அட்டெஸ்டேஷன் (சான்று உண்மையானது என்ற அரசு முத்திரை) வாங்கும்போது முத்திரை தாளின் மேலேயே விழ வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், புது நகலுக்கு மறுபடி மனுப் போட வேண்டிவரும்.