என்பிஎம்மை விட்டு பிஎன்பிஎம்: நெடுநாள் ஓட்டிப் பார்த்ததில்

என்பிஎம், பிஎன்பிஎம் இரண்டும் ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்டுக்குத் தேவையான பேக்கேஜ்களை (பிறர் எழுதிய கோடு) இறக்கித் தரும் கருவிகள். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்டை என்பிஎம்மிலிருந்து பிஎன்பிஎம்முக்கு மாற்றலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். வேகமும் டிஸ்க் மிச்சமும் அவருக்கே தெரியும். எல்லாம் கணினியில் ஒரே ஸ்டோரில் இருக்கிறது, ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் பெரும்பாலும் ஹார்ட் லிங்க்தான் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) போகிறது. அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

உண்மையில் பிடித்துப்போனது அதன் கண்டிப்பு. என்பிஎம் முடிந்தவரை எல்லாப் பேக்கேஜையும் நோட் மாட்யூல்ஸின் (பேக்கேஜ்கள் வந்து இறங்கும் ஃபோல்டர்) மேல்மட்டத்துக்குத் தூக்கிவிடும். தேவையானவற்றை நாம் பட்டியலிடும் பேக்கேஜ் ஜேசன் கோப்பில் எழுதாததைக்கூட நம் கோடில் இம்போர்ட் செய்யலாம். வேறொரு டிபெண்டென்சி (நாம் சார்ந்திருக்கும் பேக்கேஜ்) அதை இழுத்து வந்திருக்கும். அந்த டிபெண்டென்சி அடுத்த அப்டேட்டில் அதைக் கழற்றிவிட்டால், ஒரு வரியைக்கூடத் தொடாத நம் கோடு உடையும். பிஎன்பிஎம் நாம் எழுதியதற்கு மட்டும் மேலே சிம்லிங்க் (குறுக்குவழி இணைப்பு) வைக்கும். மாற்றியதும் முதல் பில்டில் ‘மாட்யூல் கிடைக்கவில்லை’ என்று பிழைகள் வரிசை கட்டும். அவற்றில் பெரும்பாலானவை முன்பே நம் கோடில் இருந்த ஓட்டைகள்.

எல்லாவற்றையும் என்பிஎம் போலவே மேலே தூக்கிவிடும் ஷேம்ஃபுல்லி-ஹாய்ஸ்ட் அமைப்பைப் போட்டு அத்தனை பிழைகளையும் ஒரே அடியில் வாயடைக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம், மாறிய பயனே போய்விடும். ‘பிஎன்பிஎம் வொய்’ கொடுத்து இப்போது எந்தப் பதிப்பு உள்ளே இருக்கிறது என்று பார்த்து, அதே பதிப்பை எண்ணோடு ‘ஆட்’ செய்யுங்கள். வெறுமனே ஆட் கொடுத்தால் புத்தம் புதிய பதிப்பு வந்து இறங்கி, வேறு தலைவலி தொடங்கும். அடம்பிடிக்கும் ஒரு டூலுக்கு மட்டும் அதற்குத் தேவையான பேக்கேஜின் பெயரைப் பப்ளிக்-ஹாய்ஸ்ட்-பேட்டர்னில் (குறிப்பிட்டவற்றை மட்டும் மேலே தூக்கும் அமைப்பு) போட்டால் போதும்.

பேக்கேஜ்களின் சரியான பதிப்புகளைப் பூட்டி வைக்கும் லாக் கோப்பை மாற்றுவதில் வரிசை முக்கியம். பழைய பேக்கேஜ்-லாக் இருக்கும்போதே ‘பிஎன்பிஎம் இம்போர்ட்’ ஓட்ட வேண்டும், அந்தப் பதிப்புகளை அது பிஎன்பிஎம்மின் லாக் கோப்புக்குக் கொண்டுவரும். பிறகுதான் அதையும் நோட் மாட்யூல்ஸையும் அழித்து இன்ஸ்டால். முதலிலேயே அழித்துவிட்டால் பதிப்புகள் கூட்டமாக நகரும். எது எதனால் உடைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. பேக்கேஜ் ஜேசனில் என்பிஎம்முக்காக எழுதிய ஓவர்ரைட்ஸ் பகுதியை (உள்ளே வரும் பேக்கேஜின் பதிப்பை நாமே கட்டாயமாக்குவது) பிஎன்பிஎம் படிக்காது. 10-ஆம் பதிப்பில் அதை பிஎன்பிஎம்-வொர்க்ஸ்பேஸ் யாமல் கோப்பில் எழுதலாம். பாதுகாப்புக்காக ஒரு பேக்கேஜைக் குறிப்பிட்ட பதிப்பில் நிறுத்தி வைத்திருந்தால், அது ஓசையில்லாமல் கழன்றிருக்கும்.

இனி கோபம். 2025 ஜனவரியில் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து டிபெண்டென்சிகளின் போஸ்ட்இன்ஸ்டால் ஸ்கிரிப்டுகள் (இன்ஸ்டால் ஆனதும் ஓடுபவை) தானாக ஓடுவதில்லை. முடிவு சரியானது; இன்ஸ்டால் செய்த கணமே தீங்கான கோடு நம் கணினியில் ஓடும் வழி அதுதான். ஆனால் 10-ஆம் பதிப்பு ஸ்கிரிப்டைத் தடுத்துவிட்டு ஓர் எச்சரிக்கையை மட்டும் காட்டி, இன்ஸ்டால் வெற்றி என்று முடிப்பதை எப்படி ஏற்பது? தானியங்கியாக பில்டை ஓட்டும் சிஐயின் லாகில் அந்த எச்சரிக்கையை யார் படிப்பார்கள்? பில்ட் பச்சையாகவே இருக்கும். டேட்டாபேஸ் பேக்கேஜான பெட்டர்-எஸ்க்யூலைட்3 ஓடும்போதுதான் பைண்டிங் கோப்பு (அந்த ஸ்கிரிப்ட் கொண்டுவர வேண்டிய நேட்டிவ் கோப்பு) இல்லை என்று விழும். பிரவுசரைக் கோடால் இயக்கும் பப்பட்டியருக்குக் குரோம் இறங்கியிருக்காது. பிஎன்பிஎம் ஸ்கிரிப்டைத் தடுத்ததுதான் காரணம் என்று அந்தப் பிழைச் செய்தி சொல்லாது, தேடுவது முழுக்க வேறு இடத்தில் நடக்கும். இம்போர்ட்டில் அவ்வளவு கறாராக இருக்கும் கருவி, இங்கே மட்டும் முணுமுணுத்துவிட்டுப் போகிறது.

‘பிஎன்பிஎம் அப்ரூவ்-பில்ட்ஸ்’ ஓட்டி, தேவையானவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அது எழுதும் பட்டியலைக் கமிட் செய்யுங்கள். கூடவே ஸ்ட்ரிக்ட்-டெப்-பில்ட்ஸ் என்ற அமைப்பைக் கட்டாயம் ட்ரூ ஆக்குங்கள், 10.3 முதல் இருக்கிறது. அனுமதி தராத ஸ்கிரிப்ட் இருந்தால் இன்ஸ்டாலே தோற்கும். 10-ஆம் பதிப்பில் இதுவே இயல்பாக இருந்திருக்க வேண்டும்.

ப்ராஜெக்டை ஓட்டத் தேவையான எல்லாவற்றையும் ஒரே இமேஜாகக் கட்டும் டாக்கரில் இதே பொறி இன்னொரு தடவை காத்திருக்கிறது. கேஷுக்காகப் பேக்கேஜ் ஜேசனையும் லாக் கோப்பையும் மட்டும் முதலில் காப்பி செய்வது வழக்கம். அனுமதிப் பட்டியல் வொர்க்ஸ்பேஸ் யாமலில் இருந்தால் அதையும் இன்ஸ்டாலுக்கு முன்பே காப்பி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நம் கணினியில் ஓடுவது இமேஜில் ஓடாது.

சில்லறை விஷயங்கள்: ரன் கட்டளையில் ஸ்கிரிப்ட் பெயருக்குப் பின் போடும் இரட்டைக் கோட்டை (--) எடுத்துவிடுங்கள், அது அப்படியே ஸ்கிரிப்டுக்குப் போய்விடும். நோட் மாட்யூல்ஸுக்குள் புகுந்து கோப்பைத் திருத்தும் பழக்கத்தையும் விடுங்கள். ஹார்ட் லிங்காக இருந்தால் ஸ்டோரில் உள்ள கோப்பே மாறும், மற்ற ப்ராஜெக்டுகளுக்கும் அது பரவும். பேக்கேஜைத் திருத்த ‘பிஎன்பிஎம் பேட்ச்’ கட்டளை இருக்கிறது.

இவ்வளவு புகழ்ந்தாலும் நண்பருக்கு என் பதில்: நேட்டிவ் பேக்கேஜ்கள் (இன்ஸ்டால் ஸ்கிரிப்டை நம்பியிருக்கும் பெட்டர்-எஸ்க்யூலைட்3 போன்றவை) நிறைந்த, ஒழுங்காக ஓடும் ஒற்றை ப்ராஜெக்ட் என்றால் இப்போது மாற்றாதீர்கள். பல ப்ராஜெக்டுகள் ஒரே ரெப்போவில் இருக்கும் மோனோரெப்போ என்றால் இந்த வாரமே மாற்றுங்கள், ஸ்ட்ரிக்ட்-டெப்-பில்ட்ஸ் போட்ட பிறகு.