நீலகிரி தைலமா, சிட்ரியோடோராவா?

ஊட்டித் தைலக் கடைகளில் நீலகிரி தைலத்துக்குப் பக்கத்திலேயே சிட்ரியோடோரா தைலமும் அடுக்கியிருக்கும். இரண்டும் யூகலிப்டஸ்தான் என்பார்கள் (தாவரவியலார் இரண்டாவதை இப்போது தனிப் பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள்). மூடியைத் திறந்தால் வாசனையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், முதலாவதில் மிகுதியாக இருக்கும் சினியோலுக்கும் இரண்டாவதில் மிகுதியாக இருக்கும் சிட்ரோனெல்லாலுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே. 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். மூலக்கூறு எடையும் ஒன்றேதான், 154. அணுக்களைக் கோத்த விதம்தான் வேறு.

சினியோலில் ஆக்சிஜன் வளையத்தின் குறுக்கே பாலம்போல நிற்கிறது. அதனால் மூலக்கூறு கிட்டத்தட்ட உருண்டை. கற்பூரமும் உருண்டைதான். அது கீட்டோன், இது ஈதர், வேதியியல்படி வேறு வேறு குடும்பம். ஆனாலும் மூக்குக்கு இரண்டும் சொந்தக்காரர்கள். 1960-களில் மண ஆராய்ச்சியாளர் ஜான் அமூர், உருண்டை மூலக்கூறுகளே கற்பூர மணம் தருகின்றன என்று வாதிட்டார். அவருடைய கொள்கை முழுதாக நிலைக்கவில்லை. ஆனால் கற்பூர விஷயத்தில் நன்றாகவே பொருந்துகிறது. 1843 வாக்கில் நீலகிரி மலைக்கு வந்த இந்த யூகலிப்டஸ் மரத்துக்கு நம் ஆட்கள் 'கற்பூர மரம்' என்று பேர் வைத்தது எந்த வாய்பாட்டையும் பார்த்தல்ல!

சிட்ரோனெல்லால் நீண்ட சங்கிலி, நுனியில் ஆல்டிஹைடு என்ற அணுக்கூட்டம். எலுமிச்சையும் புல்லும் கலந்த காரமான மணம். அந்த நுனியில் இரண்டு ஹைட்ரஜன் சேர்த்தால் சிட்ரோனெல்லோல். வாசனை ரோஜாப் பக்கம் போய்விடும். ஜெரேனியம் எண்ணெயின் மணத்தில் அதற்குப் பெரிய பங்கு.

சரி, எதை வாங்குவது? சளிக்கு ஆவி பிடிக்க நீலகிரி தைலம்தான். சினியோல் சீக்கிரம் ஆவியாகும். குளிர்ச்சியை உணரும் நரம்பு ஏற்பியையும் தூண்டுவதால் அடைத்த மூக்கு திறந்ததுபோல இருக்கும். அறை மணக்கவும் கொசுவுக்கும் என் ஓட்டு சிட்ரியோடோராவுக்கு. ஆனால் சின்ன பாட்டிலாக வாங்குங்கள். ஆல்டிஹைடு காற்றுப் பட்டால் மாறிவிடும். ஈதரான சினியோல் அப்படிச் சுலபத்தில் கெடாது.

பக்கத்தில் விண்டர்கிரீன் தைலமும் இருக்கும். மூட்டுவலிக்குத் தேய்க்கும் களிம்பு வாசனை, அதற்குக் காரணம் மெத்தில் சாலிசிலேட். தேய்க்க மட்டும்தான் அது. ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே குழந்தையின் உயிருக்கு ஆபத்து. மூன்றையுமே எட்டாத அலமாரியில் வையுங்கள்.