20 வெள்ளிக்கு ஒரு பாட்டின் பொருள்

மகளின் வேதியியல் நோட்டில் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். 'சூசைட் சொல்யூஷன்' என்று பெரிய எழுத்தில் எழுதி, சுற்றிக் கட்டம் போட்டிருந்தாள். அவளுக்கு 16 வயது. எனக்கு ஆங்கிலம் அரைகுறைதான், ஆனால் தற்கொலை என்கிற அந்த முதல் சொல்லுக்கு யாரும் அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்று இரவு முழுக்க அவள் அறைக் கதவைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். காலையில் 4.30க்குப் பஸ் எடுக்க வேண்டும். மலேசியாவில் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸுக்கு ஃபேக்டரி ஆட்களை ஏற்றிப் போகும் வேலை. அன்றைக்குப் பாலத்தை எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியாது.

அவளிடமே கேட்டேன். "அது பாட்டுப்பா. உங்களுக்குப் புரியாது" என்றாள். புத்திமதி சொல்லக்கூடிய ஒருவரிடம் போனேன். போனைப் பிடுங்கி எல்லாப் பாட்டையும் அழித்துவிடுங்கள், இதெல்லாம் சாத்தான் சமாச்சாரம் என்றார். அழிக்க எனக்குத் தெரியும். அழித்த பிறகு பிள்ளை என்னிடம் பேசுமா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கூட பஸ் ஓட்டும் நண்பர்தான் இந்தக் கடையைச் சொன்னார். தீவில் உள்ள ஜார்ஜ் டவுனில் பழைய கேசட், சீடி விற்கிற ஒரு மாடிக் கடை. சனிக்கிழமை மாலையில் கடைக்காரர் மெட்டல் என்கிற இரைச்சலான கிட்டார் ராக் பாட்டுகளுக்கு வரிவரியாகப் பொருள் சொல்கிறாராம், அதுவும் தமிழில். இதுவரை மூன்று முறை போய்விட்டேன். என்னைப் போல் பயந்து கிடக்கிற அப்பா அம்மாக்கள் இருப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பெயரைப் போட வேண்டாம் என்று அவரும் கேட்டுக்கொண்டார். ஃபெரியில் வந்து இறங்கினால் சௌராஸ்தா சந்தைப் பக்கம் 20 நிமிட நடை. கீழே பாத்திரக் கடை, பக்கவாட்டில் மரப்படி. படி ரொம்பச் செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் கவனம். மேலே ஒரே ஒரு காற்றாடி. சுவர் முழுக்கக் கேசட். மழை வந்தால் ஜன்னலை மூடிவிடுகிறார், அப்புறம் புழுக்கம் தாங்காது. ஒரு பாட்டுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்), சேர்ந்து வருகிறவர்களுக்குத் தனிக் காசு இல்லை. சுமார் ஒன்றரை மணி நேரம். நடுவில் கீழேயிருந்து தே ஓ (பால் இல்லாத தேநீர்) வரவழைத்துக் கொடுக்கிறார்.

கடைக்காரருக்கு 60 வயதிருக்கும். நான் அண்ணே என்கிறேன், மகள் அங்கிள் என்கிறாள். போனதும் பாட்டைப் போட்டுவிடுவார் என்று நினைத்தோம். போடவில்லை. வரிகளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து மேசையில் வைத்து, மகள் கையில் பென்சிலைக் கொடுத்தார். "பேசுறது யாரு, யாருகிட்ட பேசுறான்? வரிக்குப் பக்கத்துல எழுதும்மா. அது தெரியாம அர்த்தத்துக்குப் போகக்கூடாது."

இந்த ஒரு கேள்விக்காகவே 20 வெள்ளி கொடுக்கலாம். நம் அகப்பாட்டுக்கு மேலே தலைவி கூற்று, தோழி கூற்று என்று போட்டிருக்குமே, அதே வேலைதான் என்றார். மெட்டலில் பாடுகிறவன் வேறு, பாட்டுக்குள் பேசுகிறவன் வேறு. மெட்டாலிகா குழுவின் 1986ஆம் ஆண்டு 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டில் நானே உன் எஜமான் என்று மிரட்டுவது போதைப்பொருள். அயர்ன் மெய்டனின் 1982ஆம் ஆண்டு 'ரன் டு த ஹில்ஸ்' பாட்டு, அமெரிக்காவின் பூர்வகுடிகள் பேசுவதில் தொடங்கி, நடுவில் அவர்களை விரட்டுகிற பக்கத்துக்குத் தாவுகிறது. எந்த இடத்தில் ஆள் மாறுகிறான் என்று கவனிக்காதவனுக்கு அது கொலைவெறிப் பாட்டாகத்தான் கேட்கும்.

பிறகு எங்கள் பாட்டுக்கு வந்தார். பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் 1980ஆம் ஆண்டு 'பிளிஸர்ட் ஆஃப் ஓஸ்' ஆல்பத்தில் வருவது. "காளமேகம் படிச்சிருப்பீங்களே தம்பி, பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே பாட்டு. இதுவும் சிலேடைதான். சொல்யூஷன்னா தீர்வு மட்டுமா?" மகள் உடனே சொன்னாள்: "கரைசல்." அவள் வேதியியலில் படிப்பது அதைத்தான். பாட்டு தொடங்குவதே ஒயினையும் விஸ்கியையும் சொல்லித்தான். குடித்துக் குடித்துத் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிற ஒருவனிடம் பாட்டு பேசுகிறது. அவன் குடிக்கிற சாராயம்தான் அந்தக் கரைசல். வரிகளை எழுதியது அந்த ஆல்பத்தில் பேஸ் கிட்டார் வாசித்த பாப் டெய்ஸ்லி. ஓஸியின் குடியைப் பார்த்துத்தான் எழுதினேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஓஸியோ, அந்த ஆண்டு பிப்ரவரியில் குடியால் செத்துப்போன பாடகர் பான் ஸ்காட்டை மனத்தில் வைத்த பாட்டு என்றார். கடைக்காரர் இரண்டையும் சொன்னார், ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறைக்கவில்லை.

இன்னொன்றையும் அவர் மறைக்கவில்லை. பாட்டில் தனியாகப் பிடுங்கி எடுத்தால் நடுங்க வைக்கிற ஒரு வரி இருக்கிறது. அதைத் தாண்டிப் போகாமல் விரலை அங்கேயே வைத்துக் காட்டினார். அதற்கு அடுத்ததாகவே, இது உண்மையில் எதைப் பற்றியது என்று தெரியாதா உனக்கு என்று பாட்டு கேட்கிறது. அமெரிக்காவில் மகனை இழந்த ஒரு குடும்பம் இந்தப் பாட்டின் மேல் வழக்குப் போட்டு, நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. "அந்த அப்பா அம்மா வலி பொய்யில்ல தம்பி. ஆனா பாட்டை முழுசாப் படிக்கணும்" என்றார். அப்புறம் என்னை வெளியே கூப்பிட்டு, படியோரம் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார்: "பாட்டுக்குப் பொருள் நான் சொல்லிட்டேன். பிள்ளை மனசுல என்ன இருக்குன்னு நீங்கதான் கேக்கணும். பாட்டை வச்சு பிள்ளையை முடிவு பண்ணாதீங்க." அவர் தன் வேலையின் எல்லையைத் தெரிந்தவர். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அந்தப் படியோரத்தில்தான்.

திரும்பி வரும்போது ஃபெரியில் கேட்டேன். எந்தச் சுற்றுவழியும் இல்லாமல், உனக்கு அப்படி ஏதாவது எண்ணம் இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லப்பா" என்றாள். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பெரியப்பாவ நெனச்சு எழுதினேன்" என்றாள்.

என் அண்ணன் நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் இருந்தவர். சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடித்தே போனார். அவர் போனபோது இவளுக்கு ஒன்பது வயது. வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை, நெஞ்சுவலி என்றுதான் எல்லாரிடமும் சொன்னோம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அதைச் சொல்ல ஒரு பாட்டின் பெயர்தான் கிடைத்திருக்கிறது அவளுக்கு. பட்டர்வொர்த் கரை வரும்வரை அண்ணனைப் பற்றிப் பேசினோம், ஏழு வருஷத்தில் முதல் தடவையாக.

இரண்டாம் முறை நானே ஆசைப்பட்டுப் போனேன். பிறை என்ற ஊரில் ஒரு கோயில் உறுமி மேளத்தில் 20 வருடமாக வாசிக்கிறேன். அதைத் தெரிந்துகொண்டு கடைக்காரர் கேட்டார்: "முனியாண்டிக்கு என்ன பாடுறீங்க? அரிவாள், ரத்தம், சுடுகாடு, சுருட்டு, சாராயம். அர்த்தம் தெரியாதவன் கேட்டா உங்களை என்ன சொல்வான்?" எனக்குப் பதில் வரவில்லை. காளியின் கழுத்தில் மண்டையோட்டு மாலையைப் பார்த்துப் பயப்படாமல் வளர்ந்தவன் நான். ஒரு கேசட் அட்டையில் மண்டையோட்டைப் பார்த்ததும் பிள்ளை கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டியிருக்கிறேன்.

அன்று அவர் எடுத்தது பிளாக் சபாத்தின் 1970ஆம் ஆண்டு 'வார் பிக்ஸ்'. படைத்தளபதிகளைச் சூனியக்காரிகள் கூட்டத்தோடு ஒப்பிட்டுத் தொடங்குகிறது. ஏழைகளைச் சாக அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்கிறவர்கள் கடைசியில் தீர்ப்பு நாளில் மண்டியிட்டு ஊர்கிறார்கள், சாத்தான் சிரிக்கிறான். அவன் சிரிப்பது அவர்களைப் பார்த்து. சாத்தான் என்ற சொல் வந்ததும் காதைப் பொத்திக்கொண்டவர்களுக்கு இந்த இடம் போய்ச் சேர்ந்திருக்காது. சுவரில் மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ இரண்டு விரலைக் கொம்பு மாதிரி நீட்டி நிற்கும் படம் இருக்கிறது. அது பிசாசுச் சின்னம் என்று நினைத்திருந்தேன். இத்தாலிய வம்சத்துப் பாட்டி கண்ணேறு கழிக்கக் காட்டிய கை என்று டியோவே சொல்லியிருக்கிறாராம். என் அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டதும் இதற்குத்தானே.

பாட்டைத் திருப்பி ஓடவிட்டு ரகசியச் சொல் தேடித் தரச் சொல்லி அவரிடம் கேட்காதீர்கள், செய்ய மாட்டார். 1990இல் அமெரிக்காவின் ரீனோ நகரில் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் மேல் நடந்த வழக்கை எடுத்துச் சொல்வார். 1978ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றில் தற்கொலைக்குத் தூண்டும்படி 'செய்' என்று ஒளித்துவைத்த குரல் இருக்கிறது என்று குற்றச்சாட்டு. கிட்டாரும் மூச்சு விடும் சத்தமும் தற்செயலாகச் சேர்ந்து அப்படிக் கேட்கிறது என்று நீதிபதி சொல்லிக் குழுவை விடுவித்தார். அந்தப் பாட்டு அவர்கள் எழுதியதே கிடையாது, ஸ்பூக்கி டூத் என்ற பழைய குழுவுடையது. 2001இல் இங்கே பள்ளிகளில், மெட்டல் கேட்கிறார்கள் என்று கறுப்புச் சட்டைப் பிள்ளைகளைப் பிடித்துச் சோதனை போட்ட காலம் எனக்கு நினைவிருக்கிறது. வரிகளை உட்கார்ந்து படித்த ஒருவரை அப்போது நான் பார்த்ததில்லை.

குறை இல்லாமல் இல்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், கடைசி ஃபெரியைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. ஆங்கில வரியைத் தமிழில் சொல்லும்போது நடுநடுவே மலாய்க்குத் தாவுகிறார், தமிழ்நாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்குச் சிரமம். ஒரு இடத்தில் அவரோடு எனக்கு ஒத்துப்போகவே இல்லை. ஸ்லேயரின் 1986ஆம் ஆண்டு 'ஏஞ்சல் ஆஃப் டெத்' பாட்டை மூன்றாம் முறை எடுத்தார். ஆஷ்விட்ஸ் முகாமில் நாஜி டாக்டர் மெங்கெலே செய்த கொடுமைகளை அடுக்குகிற பாட்டு. நடந்ததைச் சொல்கிறான், கெட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்பது கடைக்காரர் வாதம். எனக்கு அது போதவில்லை. எங்கள் ஒப்பாரியில் செத்தவருக்காக அழ ஒரு குரல் இருக்கும். இந்தப் பாட்டில் செத்தவர்களுக்கு ஒரு குரலும் இல்லை. மகளும் பென்சிலை வைத்துவிட்டு, "பேசுறது யாருன்னு என்னால எழுத முடியல அங்கிள்" என்றாள். அவர் கோபப்படவில்லை, யோசித்தார். சின்னப் பிள்ளைகளோடு போனால் இந்தப் பாட்டு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடையில் சிங்கப்பூர் ருத்ரா குழுவின் சீடி இரண்டு இருந்தது. 1992இல் தொடங்கிய குழு, வேதாந்தத்தை டெத் மெட்டல் என்கிற உறுமல் குரல் மெட்டலில் சொல்கிறவர்கள். மகள் ஒன்றை வாங்கினாள். அதற்கு உரை சொல்லத் தன் சமஸ்கிருதம் போதாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

வர நினைப்பவர்கள் வியாழனுக்குள் பாட்டின் பெயரைச் சொல்லிவிட வேண்டும், அவர் முன்னமே படித்து வைக்கிறார். ஒரு மாலைக்கு இரண்டு பாட்டுதான். வரும் சனிக்கிழமை முதல் இடம் எங்களுடையது. கை, கால், கண், பேச்சு எல்லாம் போய்ப் படுக்கையில் கிடக்கும் ஒரு சிப்பாய் பேசுகிற மெட்டாலிகாவின் 'ஒன்' பாட்டு. இந்த முறை பேசுகிறவன் யார் என்பதை நான் எழுதுகிறேன் என்று மகளிடம் பென்சிலைக் கேட்டு வைத்திருக்கிறேன்.