சிம் மாற்றினால் குறுஞ்செய்தி ஒரு நாள் வராது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம்

அம்மாவின் வாட்ஸ்அப்பை மறுபடி திறக்க முடியாமல் தருமபுரியில் அலைந்த அலைச்சலைத்தான் இந்த முறை ஜெர்மனியிலிருந்து ஊருக்குப் போய்வந்ததில் எழுதியாக வேண்டும் என்று தோன்றுகிறது. மற்றவை எல்லாம் நல்லபடியாக நடந்தன. பழைய கைப்பேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, அதனுடன் சிம் கார்டும் கெட்டுப்போனதால், அதே எண்ணுக்குப் புது சிம் வாங்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாலக்கோட்டில் பேருந்து ஏறி, தருமபுரியில் உள்ள ஒரு தொலைபேசி நிறுவனத்தின் சேவை அலுவலகத்துக்குப் போனேன்.

முதல் சிக்கல் விரல் ரேகை. புளி தட்டியும் களை எடுத்தும் தேய்ந்துபோன விரல்கள் அவருடையவை. கருவியின் கண்ணாடியில் கட்டைவிரலை வைத்தால் சிவப்பு, சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தாலும் சிவப்பு, ஆள்காட்டி விரலுக்கும் சிவப்பு. ரேஷன் கடையில் இதையெல்லாம் பார்த்துப் பழகிய அம்மா யாரும் கேட்பதற்கு முன்பே மோதிர விரலை நீட்டினார். அது பச்சையாக மாறியது. ஜெர்மனியில் முன்பணம் செலுத்திப் பேசும் சிம்முக்கும் 2017-இலிருந்து அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். அங்கே பாஸ்போர்ட்டைக் கேமராவின் முன் அப்படியும் இப்படியும் சாய்த்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் அஞ்சலகத்தில் போய் நிற்க வேண்டும். அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ விரைவு என்று மகிழ்ச்சியாகவே வெளியே வந்தேன். “ஒரு மணி நேரத்தில் எல்லாம் வந்துவிடும்” என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு மணி நேரத்தில் அழைப்புகள் வந்தன, இணையமும் வந்தது. ஆனால் புதுக் கைப்பேசியில் வாட்ஸ்அப்பை நிறுவி எண்ணைக் கொடுத்தபோது, வர வேண்டிய ஆறு இலக்கக் குறியீடு வரவில்லை. நாட்டின் குறியீடு 91 சரியாக இருந்தது, எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் எதுவும் சேரவில்லை, சிக்னலும் முழுதாக இருந்தது. ‘மீண்டும் அனுப்பு’ என்பதை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அடுத்து அழுத்துவதற்கான காத்திருப்பு நேரம் நீண்டுகொண்டே போனது. அளவுக்கு மீறிக் குறியீடு கேட்டால் இப்படித் தள்ளிப்போடுவது அந்தச் செயலியின் பாதுகாப்பு முறை. அதை நான் குறை சொல்லவில்லை. அதே அலுவலகத்துக்குத் திரும்பிப் போனபோது, சிம்மில் கோளாறு இல்லை, கைப்பேசியில்தான் ஏதோ அமைப்பு மாறியிருக்கிறது என்றார்கள். அணைத்துப் போட்டோம், சிம்மைக் கழற்றி மாட்டினோம், செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினோம். எதற்கும் பலன் இல்லை.

நம்மில் பலர் முதன்முதலில் இணைய அரட்டைக்குள் நுழைந்தது பிரவுசிங் சென்டரில்தான். யாகூ மெசஞ்சரில் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினால் எந்தக் கணினியிலும் நாம் நாமாகவே இருந்தோம். அந்தச் செயலி 2018 ஜூலை 17-ஆம் தேதியோடு நின்றுபோனது. இப்போது பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் பதிலாகத் தொலைபேசி எண்தான் ஆளுக்கு அடையாளம். எண்ணுக்குக் குறுஞ்செய்தி வராவிட்டால் ஆளே வெளியில் நிற்க வேண்டியதுதான். அம்மாவுக்கு வாட்ஸ்அப் பொழுதுபோக்கு அன்று. பாலக்கோடு மார்க்கெட்டின் அன்றைய தக்காளி விலை அதில்தான் குரல் பதிவாக வருகிறது. மகளிர் குழுவின் தவணைத் தேதி அதில்தான் வருகிறது. ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் பேத்தியின் முகமும் அதில்தான். அன்று மாலை எரிவாயு உருளை கொண்டுவந்தவர் குறுஞ்செய்தியில் வந்திருக்கும் எண்ணைக் கேட்க, அதையும் சொல்ல முடியாமல் அவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது என்று பக்கத்து வீட்டு அக்கா அழைத்துச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான், வாட்ஸ்அப் குறியீடு மட்டுமல்ல, எந்தக் குறுஞ்செய்தியுமே வரவில்லை என்பது எனக்கு உறைத்தது.

இருட்டிய பிறகு, பேருந்து நிலையத்தின் அருகே ரீசார்ஜும் கைப்பேசி உறைகளும் விற்கும் ஒரு சிறிய கடையில் நின்றோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் அந்த நேரத்துக்கு ரொட்டி வாங்கக்கூடக் கடை இருந்திருக்காது. கடையில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சிம் இன்னைக்குத்தான மாத்துனீங்க அண்ணா? அப்ப நாளைக்கு இதே நேரம் வரைக்கும் மெசேஜ் வராது” என்றார். அவ்வளவுதான். காலையில் சொல்லியிருக்க வேண்டிய ஒரே வாக்கியம் அது.

அவர் சொன்னது சரி. சிம்மை மாற்றினால் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரவும் கூடாது, அதிலிருந்து போகவும் கூடாது என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2022-இல் உத்தரவிட்டிருக்கிறது. இன்னொருவரின் பெயரில் மாற்று சிம்மை வாங்கி, அவருடைய வங்கிக் கணக்குக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பிடித்துப் பணத்தை எடுத்துவிடும் மோசடியைத் தடுக்கத்தான் இந்த இடைவெளி. உண்மையான உரிமையாளரின் கைப்பேசியில் சிக்னல் போனதும், அவர் விழித்துக்கொண்டு புகார் செய்ய ஒரு நாளாவது கிடைக்க வேண்டும். என் அம்மாவின் சேமிப்பையும் காக்கிற விதி இது என்பதால், இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். விதியை அன்றாடம் நடைமுறைப்படுத்துகிறவர்களே அதை வாடிக்கையாளரிடம் சொல்லாமல், கைப்பேசியின் மீது பழி போட்டு அனுப்பியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வந்த கோபத்தில் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிடலாமா என்றும் நினைத்தேன். 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய பின் ஏழு நாள்களுக்கு அதற்கும் வழியில்லை.

ஜெர்மனியில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். வங்கி அட்டை ஒரு கடிதத்தில் வரும், அதற்கான ரகசிய எண் இன்னொரு கடிதத்தில் தனியாக வரும். அந்த நாள்களில் நான் எரிச்சல்படாமல் இருந்ததில்லை. ஆனாலும் அடுத்து என்ன வரும், எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பது அந்தத் தாளில் அச்சாகியிருக்கும். நம் ஊரில் வேலை நொடியில் முடிகிறது, விவரம் மட்டும் வாய்வழியாகவே உலவுகிறது. சரியான ஆளைச் சந்தித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. சிம்மோடு கொடுக்கும் ரசீதில் அந்த ஒரு வரியைத் தமிழில் அச்சிடுவதற்கு அவர்களுக்கு என்ன செலவாகிவிடும்?

நாளை வரை காத்திருக்கத் தேவையில்லை என்றும் அந்தப் பெண்ணே சொன்னார். தடை குறுஞ்செய்திக்குத்தான், அழைப்புக்கு இல்லை. காத்திருப்பு நேரம் தீரும்வரை எங்களை முக்காலியில் உட்காரவைத்தார். பிறகு, குறியீட்டை அழைப்பின் மூலம் பெறும் வாய்ப்பைத் திரையில் காட்டி, அம்மாவையே தொடச் சொன்னார். கைப்பேசி மணியடித்தது. பதிவுக் குரல் ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல, நான் பேனாவால் உள்ளங்கையில் குறித்துக்கொண்டேன். அதுவரை எங்களோடு குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், குரல் ஒலித்ததும் நகர்ந்துபோய், உறைகள் தொங்கும் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டார். “அந்த நம்பர யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா, எங்கிட்டயும் வேண்டாம்” என்றார். ஐரோப்பாவில் தரவுப் பாதுகாப்பைப் பற்றி எத்தனையோ படிவங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றில் எதுவும் தராத நம்பிக்கையை அந்தப் பெண் திரும்பி நின்ற விதம் தந்தது.

குறியீடு ஏற்கப்பட்டதும் அடுத்த பூட்டு வந்தது. இரண்டு படிச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க ரகசிய எண்ணைச் செயலி கேட்டது. முன்பு எப்போதோ தம்பி போட்டுக்கொடுத்தது; மின்னஞ்சல் முகவரி எதுவும் அதில் சேர்க்கவில்லை. அந்த எண்ணும் தெரியாமல், மின்னஞ்சலும் இல்லாமல் போனால், ஏழு நாள் காத்திருந்துதான் உள்ளே போக முடியும். தம்பியை அழைக்க நான் என் கைப்பேசியை எடுப்பதற்குள், அம்மா ஆறு எண்களையும் நிறுத்தாமல் தட்டிவிட்டார். “அதுதான் அப்பப்பக் கேட்டுக்கிட்டே இருக்குமே சாமி” என்றார். மறந்துவிடாமல் இருப்பதற்காகச் செயலி அவ்வப்போது அந்த எண்ணைக் கேட்பது உண்மைதான்.

உள்ளே போனதும் குழுக்கள் அப்படியே இருந்தன. சென்று சேராத செய்திகளை 30 நாள் வரை வாட்ஸ்அப் வைத்திருக்கும் என்பதால், கைப்பேசி கெட்டுக் கிடந்தபோது வந்தவையும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. செய்த உதவிக்கு அந்தப் பெண் பணம் வாங்க மறுத்துவிட்டதால், ஒரு ஸ்கிரீன் கார்டு வாங்கி அங்கேயே ஒட்டிக்கொண்டோம்.

மறுநாள் குறுஞ்செய்திகளும் வரத் தொடங்கின. உருளைக்கான எண்ணும் வந்தது. பெற்றோரின் சிம்மை மாற்றித் தர வேண்டிய வேலை இருக்கிறவர்கள், அதை ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். அன்று வங்கி வேலையையும் எரிவாயுவையும் தள்ளிவையுங்கள். வாட்ஸ்அப்புக்குக் குறுஞ்செய்தியை எதிர்பார்க்காமல் அழைப்பையே கேளுங்கள். இரண்டு படி எண்ணோடு ஒரு மின்னஞ்சலையும் சேர்த்துவிட்டே விமானம் ஏறுங்கள்.