தவக்காலத் துயர் செபக்கூடல்: யாருக்கு உதவும், எங்கே சறுக்குகிறது

முல்லைத்தீவுக் கரையோரப் பங்குக் கோயில் ஒன்றில் தவக்கால (ஈஸ்டருக்கு முந்திய நோன்புக்கால) வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் நடக்கும் ஆறு வார செபக்கூடல் இது. கட்டணம் இல்லை, எந்தச் சபை ஆக்களும் வரலாம். இழப்போடு வாழ்கிறவர்கள் தாராளமாகப் போகலாம். மூன்றாம் வாரத்துக்கு மட்டும் கொஞ்சம் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு போக வேண்டும்.

முதல் வாரத்துக்கு விவிலியத்தின் 13ஆம், 88ஆம் திருப்பாடல்கள். இரண்டும் கடவுளிடமே முறையிடுகின்றன. 13 நம்பிக்கைக்குத் திரும்பிவிடும், 88 இருளிலேயே முடியும். வழக்கமாக 88ஐ வாசித்த கையோடு ஆறுதல் பாட்டொன்றைப் போட்டு மூடிவிடுவார்கள். இங்கே வாசகம் முடிந்ததும் பத்து நிமிடம் மௌனம். பிறகு விரும்பியவர் அந்த வரிகளை ஒப்பாரி மெட்டில் சொல்லலாம். அழுகையை யாரும் அமர்த்துவதில்லை.

இரண்டாம் வாரம் யோபு, பிள்ளைகளையும் உடைமையையும் இழந்து துன்பப்பட்ட விவிலிய மனிதர். அவருடைய நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட இருந்தார்கள் (2:13). நாலாம் அதிகாரத்தில் விளக்கம் சொல்ல வெளிக்கிட்டதோடு பிழைக்கத் தொடங்கியது. கடைசியில் கடவுள் கோபப்பட்டதும் அவர்கள்மேல்தான் (42:7). இதையே சட்டமாக வைத்திருக்கிறார்கள்: ஒருவர் கதைத்தபின் மற்றவர் புத்தி சொல்லக்கூடாது. ‘எல்லாம் நன்மைக்கே’ என்று ஆரும் தொடங்கினால் மரியாதையாக நிறுத்துகிறார்கள். இந்தச் சேவையின் பெறுமதியே இதில்தான் இருக்கிறது.

மூன்றாம் வாரம் சறுக்குகிறது. கடவுள் இருக்கத் தீமை ஏன் என்பதற்கு விடையாக, தீமை என்பது நன்மையின் குறைவு என்ற பழைய திருச்சபை அறிஞர் அகுஸ்தீனாரின் கருத்தும், மனித சுதந்திரம் பற்றிய வாதமும் ஒரே மூச்சில் வருகின்றன. சுதந்திரத்தைத் தவறாகப் பாவித்தான் மனிதன் என்றால் 2009 போரின் செல்லடிக்கு ஓரளவு பொருந்தும். இதே கரையை 2004 டிசம்பர் 26 அள்ளிக்கொண்டு போன சுனாமிக்கு அது எப்படிப் பொருந்தும்? அந்தக் கேள்விக்கு நேரமே விடவில்லை. இதை வகுப்பாக வேறொரு நாளில் வைக்கலாம். துக்கத்தில் இருப்பவருக்கு வாதம் தேவையில்லை.

நாலாம் வாரம் மீண்டும் நிமிர்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைப் பற்றி இயேசு ‘இவன் செய்த பாவமுமல்ல, பெற்றோர் செய்த பாவமுமல்ல’ என்கிற யோவான் 9:3, சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்கிற லூக்கா 13:4. ‘எந்தப் பாவத்துக்கு எங்களுக்கு இது?’ என்று இன்னும் கேட்கிற தாய்மாருக்கு இந்த இரண்டு வசனமும் போதும்.

ஐந்தாம் வாரம் சிலுவைப்பாதை, இயேசுவின் பாடுகளை நினைத்துச் செபிக்கும் 14 நிலைகள், வெளியில் மணலில். முழங்கால் நோ உள்ளவர்கள் கதிரை கேட்டு வாங்குங்கள். முடிவில், இறந்தவர்களின் பெயரை எழுதிச் செபிக்கப் பெயர்த் தாள் வரும். அதன் தலைப்பு ‘ஆத்தும இளைப்பாற்றிக்காக’. போர் முடிவில் பிள்ளையை இராணுவத்திடம் கையளித்துவிட்டு இன்னும் தேடுகிறவர்கள் அதில் பெயர் எழுத மாட்டார்கள். எழுதினால் செத்துப்போனான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். காணாமல் ஆக்கப்பட்டோருக்கென்று ‘திரும்பி வரவேண்டி’ என ஒரு தாள் தனியாக வைப்பதில் என்ன கஷ்டம்? பேனையைப் பிடித்தபடி எழுதாமல் அடுத்தவரிடம் தாளைக் கடத்துகிறவர்களைக் கண்டபிறகும் இதை மாற்றாதது பெரிய குறை.

ஆறாம் வாரம் சுருக்கம்: உயிர்த்த இயேசுவின் உடலிலும் காயம் இருந்தது (யோவான் 20:27), பிறகு பிளேன்டீ.

வாசகத் தாளின் எழுத்து மிகப் பொடி, கண்ணாடி கொண்டுபோங்கள். முடிய இருட்டிவிடும், பஸ்ஸை நம்பி வருகிறவர்கள் திரும்பிப் போக முதலே ஒழுங்கு செய்துவிட்டு வருவது நல்லது.