பாடம் ஆங்கிலத்தில், தபால் ஜெர்மனில்: ஜெர்மனி மாஸ்டர்ஸ் ஒரு மதிப்பீடு

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஆங்கிலவழி மாஸ்டர்ஸ் படிப்பு, ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாமல் போகிறவருக்கு எப்படி இருக்கும் என்பது மட்டுமே இங்கே விஷயம். ராங்கிங், பேராசிரியர் தரம் எல்லாம் வேறு கணக்கு.

முதலில் விலை. 'ஃப்ரீ எஜுகேஷன்' என்று கன்சல்டன்சி போர்டுகளில் எழுதியிருப்பது பெரும்பாலும் உண்மைதான், முழு உண்மை இல்லை. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து அதே வெளிநாட்டவருக்கு மாஸ்டர்ஸில் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ என்று ஆக்கிவிட்டது. மற்ற பெரும்பாலான இடங்களில் சில நூறு யூரோ செமஸ்டர் கட்டணத்தோடு சரி. விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் ஒரு வருடச் செலவாக 11,904 யூரோ காட்ட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். இந்தியாவில் படித்தவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் (பட்டமும் மதிப்பெண் பட்டியலும் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது) கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான விண்ணப்ப மையமான யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30.

வகுப்பறைக்குள் குறை சொல்ல அதிகமில்லை. விரிவுரை, ஸ்லைடு, தேர்வு, தீசிஸ் எல்லாம் ஆங்கிலத்திலேயே நடக்கும். ஏமாறுவது படிப்பின் பெயர்ப்பலகையைப் படிக்கும்போதுதான். ஜெர்மன் படிப்புகளைப் பட்டியலிடும் டிஏஏடி அமைப்பின் தளத்தில் 'ஆங்கிலம் மட்டும்' என்பதும் 'ஜெர்மன், ஆங்கிலம்' என்பதும் தனித்தனி வகைகள். இரண்டாவதில் கட்டாயப் பாடங்கள் ஆங்கிலத்தில் இருந்து, விருப்பப் பாடங்களில் நல்லவை ஜெர்மனில் இருக்கலாம். விண்ணப்பிக்கும் முன் பாடங்களின் விவரம் இருக்கும் மாட்யூல் கையேட்டை இறக்கி, ஒவ்வொரு பாடத்தின் கீழும் 'ஷ்ப்ராஹெ' என்ற வரி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். மொழி என்று பொருள். அங்கே 'டாய்ச்', அதாவது ஜெர்மன், என்று எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தாலே படிப்பின் நிறம் தெரிந்துவிடும். தேர்வு விதிமுறைக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தருவார்கள். சட்டப்படி செல்லுவது பெரும்பாலும் ஜெர்மன் பிரதி மட்டும்தான்.

வகுப்பை விட்டு வெளியே வந்தால் கதை மாறுகிறது. அலுவலக மொழி ஜெர்மன் என்று நிர்வாக நடைமுறைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கவுன்ட்டரில் இருப்பவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கலாம், பேசவும் செய்யலாம். வீட்டுக்கு வரும் கடிதம் ஜெர்மனில்தான் வரும். போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துக் கொள்ளலாமே என்றால், பத்தில் எட்டு கடிதத்துக்குப் போதும். மீதி இரண்டுதான் கழுத்தை அறுக்கும்.

'ரூக்மெல்டுங்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றாடப் பேச்சில் பதில், கருத்து என்று பொருள். செயலியும் அப்படித்தான் பெயர்க்கும். பல்கலைக்கழகம் அனுப்பும் மடலில் அதே சொல்லுக்கு அடுத்த செமஸ்டர் கட்டணத்தைக் கட்டி மறுபதிவு செய்வது என்று பொருள். ஏதோ கருத்துக் கேட்கிறார்கள் என்று மடலை ஒதுக்கிவிட்டால் கெடு தாண்டும், அபராதம் விழும், அதற்குப் பிறகும் கட்டாவிட்டால் பெயரையே நீக்கிவிடுவார்கள். பெயர் போனால் மாணவர் என்ற தகுதியும், அதை நம்பி நிற்கும் குடியிருப்பு அனுமதியும் ஆட்டம் காணும். பணத்தை அனுப்பினால் மட்டும் போதாது, பரிமாற்றக் குறிப்பில் மெட்ரிகுலேஷன் எண்ணை (பல்கலைக்கழகம் தரும் மாணவர் எண்) சொன்னபடி எழுத வேண்டும். எண் தவறினால் பணம் யாருடையது என்று தெரியாமல் அவர்கள் கணக்கில் அனாதையாகக் கிடக்கும்.

அதிகாரப்பூர்வ அறிவிப்புகள் வரும் மஞ்சள் உறை வந்தால் இன்னும் கவனம். கையெழுத்து வாங்கத் தேவையில்லை. பெட்டியில் போட்ட தேதியைத் தபால்காரர் உறையின் மேலேயே பேனாவால் எழுதிவிட்டுப் போவார். நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் அன்றே கடிதம் சேர்ந்ததாகக் கணக்கு, கெடு அன்றிலிருந்தே ஓடும். ஆட்சேபணைக்கு எத்தனை நாள் என்பது கடிதத்துக்குக் கடிதம் மாறும். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் கடைசிப் பத்தியில் இருக்கும். உறையைக் கிழித்துக் குப்பையில் போடாதீர்கள், தேதிக்கு அதுதான் ஆதாரம்.

அறை தேடும்போது விளம்பரத்தில் 'கைனே ஆன்மெல்டுங்' என்று கண்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலகுங்கள். முகவரிப் பதிவு செய்ய முடியாது என்று அர்த்தம். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது விதி. வீட்டுக்காரர் தரும் சான்று இல்லாமல் பதிய முடியாது. பதியாவிட்டால் வரி எண் வராது, குடியிருப்பு அனுமதி வேலையும் நகராது. வாடகையில் 'கால்ட்' என்றால் வெறும் வாடகை, 'வார்ம்' என்றால் ஹீட்டிங் போன்ற செலவும் சேர்த்து. முன்பணம் 'கால்ட்' வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக்கூடாது.

அந்த முகவரிப் பதிவுப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் உண்டு. நம்மூர் பழக்கத்தில் கத்தோலிக்கர் என்று யோசிக்காமல் நிரப்புகிறவர்களுக்கு, பின்னால் வேலைக்குப் போய் வருமான வரி கட்டும்போது அந்த வரியில் 9 சதவீதம் (பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பர்கிலும் 8) சர்ச் வரியாகப் பிடிக்கப்படும். தெரிந்தே கட்டினால் சரி. தெரியாமல் கட்டுவதுதான் பிரச்சினை. பதிவு முடிந்த சில வாரங்களில் ஒளிபரப்புக் கட்டணக் கடிதமும் வரும்: வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இல்லாவிட்டாலும். ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு என்பதால் பகிர்ந்து வாழும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். அவருடைய கட்டண எண்ணைப் பதிலில் எழுதி அனுப்ப வேண்டும். பதிலே அனுப்பாமல் இருந்தால் குடியேறிய மாதத்திலிருந்து சேர்த்துக் கேட்பார்கள்.

வேலைதான் இந்தப் படிப்பின் பலவீனமான பக்கம். மாணவருக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி. பல்கலைக்கழகத்துக்குள் செய்யும் உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் வராது, அதற்கு ஆங்கிலமும் பெரும்பாலும் போதும். மென்பொருள் படித்தவர் பெர்லினில் ஜெர்மன் இல்லாமலே காலம் தள்ளலாம். மெக்கானிக்கலும் சிவிலும் அப்படியில்லை. தொழிற்கூடத்தில் ஆளோடு ஆள் பேச வேண்டும், சப்ளையரோடு போனில் மல்லுக்கட்ட வேண்டும். நடுத்தர நிறுவனங்கள் ஜெர்மனில் பி2 நிலை (ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் மொழிப் படிகளில் நான்காவது) கேட்பது அதனால்தான். தமிழ்நாட்டிலிருந்து மெக்கானிக்கல் முடித்து ஆட்டோமொபைல் கனவோடு போகிறவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். அந்தப் பதினெட்டில் அரிச்சுவடி தொடங்கினால் போதாது. அங்கேயே படித்து, தகுந்த வேலையில் இரண்டு வருடம் இருந்தவருக்கு நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கிடைக்கும். அதற்கும் பி1 கேட்பார்கள்.

எனவே கிளம்பும் முன் ஏ2 முடிப்பதை டிக்கெட் செலவோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பி1 வரை போக 45 நிமிடப் பாடவேளை 350 முதல் 650 வரை ஆகும் என்பது கதே இன்ஸ்டிட்யூட் சொல்லும் கணக்கு. அதன் சென்னைக் கிளையான மேக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கையும் தனித்தனியாக எழுதலாம், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். தமிழருக்கு ஒரு சின்னச் சலுகை உண்டு: துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் போய் உட்காரும், ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர் திணறும் இடம் நமக்கு வீட்டு வாசல். வேற்றுமை உருபும் புதிதில்லை. மேசை ஆண்பால், விளக்கு பெண்பால் என்பதை மட்டும் உருப்போட்டுத்தான் ஆக வேண்டும். அங்கே போனபின் பல்கலைக்கழக மொழி மையத்தின் வகுப்புகள் இலவசமாகவோ மலிவாகவோ கிடைக்கும், ஆனால் முதலில் எந்த நிலையில் சேரலாம் என்று பார்க்கும் தேர்வு, பிறகு ஆன்லைன் பதிவு. செமஸ்டர் தொடங்கும் முன்பே இடம் நிரம்பிவிடுவதுண்டு. அட்மிஷன் கடிதம் வந்த அன்றே பதிவுத் தேதியைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.